குறவஞ்சி மேடும் கடையத்துச் சுற்றறிக்கையும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் என்றோர் ஊர் உண்டு. சாரல் காலத்தில் அருவியை நாடி விரைவோர் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அந்நூலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களின் வசதிக்காக இருபது பக்க அளவில் ஒரு விளக்கக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தோம்.

அண்மையில் ஒரு மாணவி தன் கைப்பேசியை நீட்டி, "ஐயா, நீங்கள் கொடுத்த குறிப்பு இதிலிருந்து எடுத்ததா?" என்று கேட்டாள். கேள்வியில் குறும்பு ஏதுமில்லை. வாங்கிப் பார்த்தோம். ஏதோ ஓர் இணையதளத்தில் நம் குறிப்பு முழுமையாக இருந்தது. நாம் திருத்தத் தவறிய எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருந்தன. இல்லாதது நம் பெயர் மட்டுமே. பத்திக்குப் பத்தி விளம்பரங்கள். வசந்தவல்லியின் பந்தாட்டத்துக்கும் சிங்கியின் மலைவளத்துக்கும் நடுவே குற்றாலத்தில் தங்கும் விடுதிகளின் கட்டண விவரங்கள். அடுத்த ஒரு வாரம் நாம் செய்தித்தாள் படிக்கத் திறந்த பக்கங்களிலும் அந்த விடுதிகளே நம்மைப் பின்தொடர்ந்தன. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு அங்கே அறை எதற்கு என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. நாம் எதைப் படித்தோம் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

கோபம் வந்தது உண்மை. ஆனால் இலக்கியம் கற்பிப்பவனுக்குக் கோபத்தோடு ஒரு கேள்வியும் வரவேண்டும். எழுத்து யாருக்குச் சொந்தம்? இந்தச் சுற்றுவட்டாரம் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறது.

முதல் விடை கவிராயருடையது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர், குறவஞ்சிக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். குறவஞ்சி மேடு என்று அந்நிலம் பெயர் பெற்றது. புலவருக்கு நிலம், ஊருக்குப் பாட்டு என்பதே ஏற்பாடு. பாட்டைப் பாடியவர்களும் ஆடியவர்களும் ஏடெழுதியவர்களும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் அதை நாட்டிய நாடகமாக்கியபோதும் உரிமைத்தொகை பற்றிய பேச்சு எழ இடமில்லை. பாடியவர் பெயர் மட்டும் எங்கும் நூலோடு ஒட்டியே வந்தது. புரவலன் ஒருவன் கிடைத்தால்தான் புலவன் பிழைப்பான் என்பது அந்த ஏற்பாட்டின் குறை. கிடைக்காதவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

இரண்டாம் விடைக்குக் கடையம் செல்ல வேண்டும். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் உள்ள ஊர். செல்லம்மா பாரதியின் பிறந்தகம். புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதி 1918 நவம்பரில் கடலூர் அருகே கைதாகி, டிசம்பரில் நிபந்தனைகளுடன் விடுதலையாகி இங்கு வந்தார். எழுதுவதைக் காவல்துறையின் உளவுப் பிரிவுக்கு முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. புதுச்சேரியில் இருந்த ஆண்டுகளிலும் ஒற்றர்கள் அவரைச் சூழ்ந்தே இருந்தனர். ஆனால் தம்மை யார் கண்காணிக்கிறார்கள், எதற்காக என்பது பாரதிக்குத் தெரியும். நம்மைத் தொடரும் ஒற்றனுக்கு முகமும் இல்லை, நம்மீது பகையும் இல்லை.

அந்தக் கடையத்தில்தான் 1920-இல் பாரதி நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிடுவது திட்டம். அதற்குக் கடனாகப் பணம் கேட்டார். வட்டி தருவதாகவும் சொன்னார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் பரவும் என்று நம்பினார். அதுவும் ஒரு விளம்பரமே. ஆனால் அதன் கீழே எழுதியவரின் கையொப்பம் இருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது. வாசகரிடம் நூலை விற்க முயன்ற விளம்பரம் அது. இன்றைய விளம்பரம் நூலைத் தூண்டிலாக்கி வாசகரையே விற்கிறது. அன்று பணம் வரவில்லை. நாற்பது நூல்களும் வரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

பின்னர் நிகழ்ந்தவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சுருக்கம் இது. செல்லம்மா தம் சகோதரர் அப்பாதுரையின் துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922-இல் சுதேச கீதங்களை வெளியிட்டார். முயற்சி நீடிக்கவில்லை. பாரதியின் இளவல் சி. விசுவநாதனும் ஹரிஹர சர்மா, நடராஜன் ஆகியோரும் பாரதி பிரசுராலயம் தொடங்கினர். 1931-இல், குடும்ப நெருக்கடியில், நூல்களின் உரிமையைச் செல்லம்மா சில ஆயிரம் ரூபாய்க்கு விசுவநாதனுக்கு விற்றார். இசைத்தட்டு உரிமையோ தனியே பிரிந்து ஒரு வடநாட்டு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. 1947-இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை தம்முடையது என்று செட்டியார் சட்ட நடவடிக்கை எடுத்தார். சகோதரர்கள் பணியவில்லை.

சட்டப்படி செட்டியார் செய்தது பிழையன்று. பணம் கொடுத்து வாங்கியிருந்தார். ஆனால் நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், விடுதலையைப் பாடியவனின் பாட்டுக்கு அனுமதிச் சீட்டா என்று தமிழ் எழுத்துலகம் கொதித்தது. வ.ரா., திருலோக சீதாராம், நாரண துரைக்கண்ணன் போன்றோர் பாரதி விடுதலைக் கழகமாகத் திரண்டனர். திருநெல்வேலியில் வாழ்ந்த செல்லம்மாவைச் சந்தித்து இசைவு பெற்றனர். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் 1949-இல் சென்னை மாகாண அரசின் சார்பில் உரிமையை ஏற்றார். மெய்யப்பச் செட்டியார் விலை பெறாமலே இசை உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய். செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு ஐயாயிரம். 1950-களில் பாரதியின் எழுத்து எவரும் அச்சிடத்தக்க பொதுச்சொத்தாயிற்று. அப்போதிருந்த சட்டத்தின்படி, இறந்தபின் ஐம்பது ஆண்டுகள் என்ற கணக்கில், 1971 வரை நாம் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இந்த வரலாற்றைப் பெருமிதத்தோடு மட்டும் சொல்லி முடிப்பது வழக்கம். நமக்கு அது போதவில்லை. காப்புரிமை பாரதியைக் காக்கவில்லை. அவர் இருந்தபோது அதனால் வயிறு நிறையவில்லை. இல்லாதபோது அது கைமாறிக் கைமாறி முதல் உள்ளவரிடம் சென்றது. சட்டம் எழுத்தாளனுக்கென்று வகுத்த உரிமை, விற்றுத் தீரவேண்டிய வறுமையில் அவன் குடும்பத்தின் கைக்குக் கிடைத்தது. நாட்டுடைமையும் எல்லோருக்கும் உவப்பான மருந்தாகவில்லை. 2009-இல் தமிழக அரசு அறிவித்த பட்டியலில் இருந்த கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் குடும்பங்கள் அதை ஏற்க மறுத்தன. மறுக்க அவர்களுக்கு வசதி இருந்தது. செல்லம்மாவுக்கு என்ன இருந்தது?

மூன்றாம் விடை குற்றாலத்திலேயே இருக்கிறது. பாரதி பிறந்த அதே 1882-இல் பிறந்தவர் ரசிகமணி டி.கே.சி. வாழ்வின் பிற்பகுதியைக் குற்றாலத்தில் கழித்து 1954-இல் மறைந்தார். கம்பனை இவரளவு காதலித்தவர் அரிது. அந்தக் காதலின் உரிமையில், கம்பன் இப்படிப் பாடியிருக்க மாட்டான் என்று தோன்றிய பாடல்களை விலக்கினார், சொற்களை மாற்றினார். பாடம் காப்பதே பதிப்பாசிரியன் கடன் என்ற புலவர்கள் சினந்தார்கள். உடைமை வேறு, மூலத்தின் முழுமை வேறு என்பதை அந்தப் பூசல் காட்டியது. கம்பன் எவருக்கும் உடைமையல்லன். அதனால் எவர் வேண்டுமானாலும் அவன் சொல்லை மாற்றலாம் என்றாகிவிடுமா? டி.கே.சி. மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், தன் 57-ஆம் பிரிவில் இந்த வேறுபாட்டை எழுதி வைத்தது. உரிமையை விற்றுவிட்ட பின்னும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை ஆசிரியனிடமே இருக்கும். தன் மதிப்புக்குக் குந்தகமாகப் படைப்பைச் சிதைப்பதை அவன் எதிர்க்கலாம்.

நம் கோபம் எதன்மீது என்பது இங்கேதான் நமக்குத் தெளிந்தது. குறிப்பு பரவியதில் நமக்கு நட்டமில்லை. மாணவர்களுக்காக எழுதியது, தென்காசி மாணவி படித்தாலென்ன, தைப்பிங் மாணவன் படித்தாலென்ன? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதி ஏற்றிய நூல்களால்தான் நம் போன்ற சிற்றூர் ஆசிரியர்கள் பிழைத்திருக்கிறோம். அங்கே தட்டெழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலின் தலைப்பிலேயே இருக்கும். விளம்பரம் இராது. எடுப்பது குற்றமன்று. எடுத்த இடத்தைச் சொல்லாமல், படிப்பவரின் கண்ணை விலைபேசுவதே குற்றம்.

அந்தத் தளத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். குறிப்பை நீக்கவேண்டாம், பெயரை மட்டும் சேருங்கள் என்று கேட்பதாக எண்ணம். எழுதுமுன் குறிப்பை ஒருமுறை முழுதும் படித்தோம். அதில் மிகச் சிறந்த பகுதி, சிங்கன் சிங்கி உரையாடலுக்கான விளக்கம். அது நம்முடையதன்று. முதுகலை வகுப்பில் நம் பேராசிரியர் கையில் நூலில்லாமல் ஒரு மழைக்கால மாலையில் சொன்னது. அவர் அதை எங்கும் எழுதவில்லை. இன்று அவர் இல்லை. இருபது பக்கத்தில் ஓரிடத்திலும் நாம் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை.

கடிதத்தைத் தள்ளிவைத்தோம். குறிப்பின் முதல் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்துப் புதிதாக அச்செடுத்து, அந்த மாணவியிடம் முதல் பிரதியைக் கொடுத்தோம். அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் நேர்மையான விடை. தளத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை இனி எழுதலாம்.