யூஎஸ்பி போர்ட்டின் பழுதுக்கும் ஒரு வரலாறு உண்டு

கணினியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பழுதுகளுக்கு அதில் இடமில்லை. ஆய்வேட்டின் ஒரே பிரதியைத் தாங்கிய பென் டிரைவைக் கணினி அடையாளம் காண மறுக்கும் நாளில்தான் அந்த விடுபட்ட அத்தியாயம் நமக்குத் தேவைப்படுகிறது. யூஎஸ்பி போர்ட்டில் கோளாறு எங்கே என்று கண்டறிவது ஏன் இத்துணைக் குழப்பமாக இருக்கிறது? அது உருவாக்கப்பட்ட நோக்கத்திலேயே விடையும் இருக்கிறது என்பது என் கருத்து.

1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வகை இணைப்பு. அச்சுப்பொறிக்கு 25 துளைகள் கொண்ட பேரலல் போர்ட். மோடத்துக்குச் சீரியல் போர்ட். ஒவ்வொன்றுக்கும் குறுக்கீட்டு எண் ஒன்று ஒதுக்கப்பட வேண்டும். 0 முதல் 15 வரை 16 எண்களே இருந்தன. முதலாம் சீரியல் போர்ட்டும் மூன்றாவதும் வழக்கமாக 4 என்ற எண்ணையே பகிர்ந்துகொண்டதால், மோடம் இயங்கத் தொடங்கினால் மவுஸ் உறைந்துவிடுவதுண்டு. எரிச்சலூட்டும் பழுதுதான். ஆயினும் அது பயனரின் கைக்கு எட்டியது: அட்டையிலிருந்த ஜம்பரை இடம் மாற்றினால் தீர்ந்தது.

இந்த அல்லலை ஒழிக்கவே யூஎஸ்பி பிறந்தது. வடோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1990இல் இன்டெல்லில் சேர்ந்த அஜய் பட் இம்முயற்சியின் முன்னோடி. (நம் நாளிதழ்கள் அவரைத் தனி நாயகராக்குவது வழக்கம், 1996 ஜனவரியில் வெளியான முதல் தரநிலை ஏழு நிறுவனங்களின் கூட்டுழைப்பு.)

வெளியிலிருந்து பார்த்தால் நான்கே கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. ஆனால் கருவியைச் செருகிய கணத்தில் ஓர் உரையாடல் தொடங்குகிறது. கருவி தரவுக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையை அறிவிக்கிறது. கணினி அதை மீட்டமைத்து, 'நீ யார்?' என்று வினவி, முகவரி ஒன்றை வழங்கி, உரிய டிரைவரைத் தேடுகிறது. இவ்வுரையாடல் முடியும்வரை கருவி 100 மில்லியாம்பியருக்கு மேல் மின்சாரம் எடுத்தலாகாது. அனுமதி பெற்றபின் 500 வரை எடுக்கலாம். ஜம்பரைக் கொண்டு மனிதர் செய்த வேலை முழுவதும் உள்ளே மறைந்துவிட்டது. அதனுடன் பழுதும் மறைந்தது.

1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சி இதற்குச் சான்று. பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98இன் செயல்விளக்கத்தில் ஸ்கேனர் ஒன்று யூஎஸ்பியில் செருகப்பட்டது. திரை நீலமாகிக் கணினி நின்றது. அரங்கம் சிரித்தது. அந்த ஸ்கேனர் வரம்பை மீறி மின்சாரம் கோரியதும், அந்நிலைக்காக எழுதப்பட்ட நிரற்பகுதி சோதிக்கப்படாமல் இருந்ததுமே காரணம் என மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் பின்னாளில் எழுதினார். கோளாறின் வேர் மின்சாரத்தில், வெளிப்பட்டதோ மென்பொருளில்.

எனவே இன்று போர்ட்டைச் சோதிப்பவர் திரையில் தோன்றும் பிழைச்செய்தியை அப்படியே நம்பிவிடலாகாது. அதே கருவியை வேறு கணினியிலும், வேறு கருவியை அதே போர்ட்டிலும் செருகிப் பார்த்தால் பழுது எப்பக்கம் என்பது தெளியும். மேசைக் கணினியின் முன்புறப் போர்ட்டுகள் சிறு கேபிள் வழியே தாய்ப்பலகையை அடைபவை. பின்புறத்தவை அதன்மீதே பற்றவைக்கப்பட்டவை. முன்புறம் மட்டும் செயலிழந்தால் அந்தக் கேபிளை ஐயுறலாம். பென் டிரைவின் விளக்கு எரிந்தும் கணினி அதை அறியாவிடில், மின்கம்பிகள் நலம். தரவுக் கம்பியோ அந்த உரையாடலோ முறிந்திருக்கிறது. உள்நாக்கு வளைந்தோ தூசி படிந்தோ இருப்பதும் உண்டு. கணினியை அணைத்துவிட்டு டார்ச் ஒளியில் பார்த்தாலே தெரியும்.

இவை சரியாக இருப்பின் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி கன்ட்ரோலரை நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்தால் டிரைவர் புதிதாக ஏற்றப்படும். அதுவும் பயனளிக்காவிடில் மின்கம்பியையே சுவரிலிருந்து கழற்றிச் சில நிமிடம் விட்டுவைக்க வேண்டும். ஏனெனில் பல தாய்ப்பலகைகளில், கணினியை அணைத்த பின்னரும் யூஎஸ்பி போர்ட்டுக்குச் செல்லும் 5 வோல்ட் நிற்பதில்லை.