மரிச்சுக்கட்டிச் சலாபமும் குற்றவியற் பயிற்சியும்

குற்றவியல் என்னுந் துறை பல்கலைக்கழகங்களுட் புகுந்து நெடுங்காலமாகவில்லை. இத்தாலியரான லொம்புரோசோ குற்றவாளியின் இயல்பினை ஆராய்ந்து தம் நூலை வெளியிட்டது 1876 இல். அவர் வழிவந்த கரோபலோ குற்றவியல் என்ற பெயரையே நூலின் தலைப்பாக்கியது 1885 இல். சுவிற்சலாந்தின் லோசான் நகரிற் காவல் விஞ்ஞானத்துக்கெனக் கல்விநிலையம் 1909 இல் தோன்றிற்று. இந்தியாவிற் சாகர்ப் பல்கலைக்கழகம் 1959 இல் இதற்கெனத் தனிப்பகுதி அமைத்தது. இலங்கையிற் சிறீ சயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இஃது இன்று கற்பிக்கப்படுகின்றது. நூலறிவோடு அமையாது, மாணவன் சிறைக்கூடம், நீதிமன்றம், நன்னடத்தை அலுவலகம் முதலிய இடங்களில் மேற்பார்வையின்கீழ்ப் பணிபுரிந்து பயிலவேண்டுமென்பது இத்துறையார் வற்புறுத்தும் நெறி.

இத்தகைய கல்வி தோன்றுமுன்னர், குற்றத்தை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் பெற்றவர் எங்ஙனம் பயின்றனர்? அதற்கு விடை காணத்தக்க இடங்களுள் ஒன்று மன்னார்க் கரை.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களை அடுத்த கடலிலே முத்துப் பார்கள் உள்ளன. அக்காலத்திற் சலாபம் கூடும்பொழுது, ஆளரவமற்ற மணற்கரை சில கிழமைகளுள் நகரமாகிவிடும். கிடுகு வேய்ந்த கடைவீதி, மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம், மறியற்கூடம் யாவும் எழும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர் வருவர். வணிகரும், வட்டிக்குக் கொடுப்போரும், சூதாடிகளும் அவர்களைத் தொடர்வர். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட தோணிகள் தொழில் செய்தன. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இத்துணைப் பெருங்கூட்டத்தை ஆண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க குடியியற் சேவையாளரும், சிறுதொகைக் காவலருமே.

ஆங்கு நிகழக்கூடிய பெருங்குற்றம் களவு. தோணி கரைசேருமுன் சிப்பியைத் திறந்து முத்தை மறைத்தல் எளிது. விழுங்கிவிடுதல் அதனினும் எளிது. தோணிதோறும் ஓர் ஆளைக் காவலுக்கு அனுப்பினர். ஆயின் அக்காவலாளியை யார் காப்பது? இவ்விடத்திற் சலாபத்தின் பழைய முறையொன்று கருதத்தக்கது. குளிகாரருக்குக் கூலி இல்லை; எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர் ஊதியம். கொட்டு எனப்படும் வேலியடைப்பினுள் அவர்களே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பர். அரசினர் அல்லது அவர்தம் குத்தகைக்காரர்க்குரிய இரு குவியல்கள் எவையென அலுவலர் பின்னரே சுட்டுவர். தமக்கு எது எஞ்சுமென அறியாத குளிகாரர் பங்கீட்டில் வஞ்சனை செய்து பயனில்லை. எந்தச் சிப்பியில் முத்துளதென்பதோ எவர்க்குந் தெரியாது. சவுக்கும் சிறையும் சாதியாததை ஒரு பங்கீட்டு முறை சாதித்தது. பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டின் அளவிலே தேடிய லொம்புரோசோவினும், இம்முறையை வகுத்த பெயரறியா மனிதர் குற்றத்தின் இயல்பை நன்கறிந்தவரெனலாம்.

1906 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இக்கொட்டிற் பணிபுரிய அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் லெனாட் வூல்ஃப். கேம்பிரிட்சிற் கற்று, 1905 சனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பயிலுநராகச் சேர்ந்தவர். சலாபத்துக்கு வந்தபொழுது அவர்க்கு வயது 25. சட்டம், சுதேச மொழி, கணக்கு என்பவற்றிற் பயிலுநர் பரீட்சை எழுதவேண்டும்; எஞ்சியதெல்லாம் மூத்த அலுவலரின் கீழ் வேலை செய்தே கற்கவேண்டும். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையை மனனஞ் செய்த இளைஞன், அழுகுஞ் சிப்பியின் நாற்றத்திடையே இரவு பகலாக நின்று, மக்கள் எதற்காகச் சண்டையிடுகின்றனர், எதனை நியாயமென ஏற்கின்றனர் என்பதைக் கண்டான். அது மெய்யான பயிற்சியே.

எனினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. அரசின் வருவாயைக் காக்கும் சேவையினரே நீதவானாகவும் அமர்ந்தனர். களவுபோன முத்து யாருடையதோ, அவர்தம் அலுவலரே களவு வழக்கைக் கேட்கலாம். குற்றஞ்சாட்டப்பட்டவன் பக்கம் நின்று பார்க்கக் கற்பிக்க எவருமிலர். வழக்கு நடந்த மொழியும் அவன் மொழியன்று.

வூல்ஃப் அதனைப் பின்னர்த் தாமே கற்றார் போலும். கண்டியில் இருந்த காலத்திற் போகம்பறைச் சிறையிலே தூக்குத்தண்டனை நிறைவேறுகையில் உடனிருக்க நேர்ந்தது. 1908 முதல் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து, 1912 இல் பதவி துறந்தார். மறுவருடம் வெளிவந்த ‘காட்டிலே ஒரு கிராமம்’ என்னும் அவரது ஆங்கில நாவலில் ஒரு களவு வழக்கு வருகின்றது. பொய்ச்சாட்சியால் அகப்பட்ட பாபுன் என்னுங் கிராமத்தான் சாட்சிக் கூண்டுகளையும் ஆங்கிலப் பேச்சையும் விளங்காது விழித்துநிற்கிறான், நீதவான் ஐயுறுகிறார், ஆயினும் சட்டப்படி சாட்சியம் பொருந்துவதாற் சிறைக்கனுப்புகிறார்.