விலக்குப் பெற்ற பொதியுறைகள் (சிங்கப்பூர்)

ஒரு பண்டத்தைப் பொதிந்து தரும் பை, புட்டி, டப்பா, அட்டைப்பெட்டி முதலியவை பொதியுறைகள் எனப்படும். அவை குப்பையான பின் அவற்றைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் கடமையையும் செலவையும் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் மீதே சுமத்தும் ஏற்பாடு 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று வழங்குகிறது. அந்தக் கடமையின் எல்லைக்குள் வராதவையே விலக்குப் பெற்ற பொதியுறைகள். சிங்கப்பூரில் இந்த எல்லையை வகுத்தது 2019 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வள நிலைத்தன்மைச் சட்டமாகும். தீவின் கிழக்கே, மக்கள்தொகை மிகுந்த பேட்டைகளுள் ஒன்றான பிடோக்கில், உணவங்காடி நிலையமும் அடுக்குமாடிக் கீழ்த்தளக் கடையும் பேரங்காடியும் அருகருகே இருப்பதால், சட்டம் எதைத் தொடுகிறது, எதை விடுகிறது என்பதை அங்கே ஒரே தெருவில் காணலாம்.

முதல் வரம்பு வணிகத்தின் அளவைப் பற்றியது. 2007 முதல் நிறுவனங்கள் விரும்பிச் சேர்ந்த ஓர் உடன்படிக்கையே பொதியுறைகளைக் குறைக்கும் வழியாக இருந்தது. புதிய சட்டமோ, ஆண்டு விற்றுமுதல் 1 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்ட உற்பத்தியாளரும் பேரங்காடிகளும் தாம் பயன்படுத்தும் பொதியுறைகளின் வகையையும் எடையையும், அவற்றைக் குறைக்கும் திட்டத்தையும் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிடோக் உணவங்காடிக் கடைக்காரர் பொட்டலம் கட்டும் பெட்டியும், தே தாரிக் என்னும் பால்தேநீரை ஊற்றிக் கயிறு கட்டித் தரும் ஞெகிழிப் பையும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றைப் பயன்படுத்தும் கடைகளின் விற்றுமுதல் அந்த வரம்பின் அருகில்கூட வராது.

பைக்கட்டணத்திலும் இதே போக்கு உண்டு. 2023 ஜூலை 3 முதல் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட பேரங்காடி நிறுவனங்கள் பொருள்களை எடுத்துச் செல்லும் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. தமிழ்ச் சொல்லையே பெயராகத் தாங்கிய 'மாமா கடை', அதாவது அடுக்குமாடிக் கீழ்த்தளக் கடை, வாங்க வேண்டியதில்லை. பேரங்காடிக்குள்ளும் மீன், இறைச்சி, காய்கறி இடும் கைப்பிடியற்ற மெல்லிய பைகளுக்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது வரம்பு பொருளின் தன்மையைப் பற்றியது. இதுவே கூடுதல் கவனத்துக்கு உரியது. 2023இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ், 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாகக் கொண்ட பானக் கொள்கலன் திருப்பித்தரும் திட்டத்தில், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரை கொள்ளும் ஞெகிழிப் புட்டிகளுக்கும் உலோக டப்பாக்களுக்கும் 10 காசு வைப்புத்தொகை விதிக்கப்படுகிறது. வெற்றுக் கொள்கலனைத் திருப்பித் தருபவருக்கு அத்தொகை திரும்பக் கிடைக்கிறது. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் அதற்கான இடத்தை அமைக்கவும் வேண்டும். கண்ணாடிப் புட்டியும் அட்டைப்பெட்டியும் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே ஞெகிழிப் புட்டியில் வாங்கிய பார்லி நீருக்கு 10 காசு உண்டு. அதே பானம் அட்டைப்பெட்டியில் வந்தால் இல்லை.

அட்டைப்பெட்டி என்று சொல்லப்படுவது வெறும் அட்டையன்று. காகிதத்தோடு மெல்லிய ஞெகிழிப் படலமும் பெரும்பாலும் அலுமினியப் படலமும் ஒட்டிய அடுக்குப் பொருள் அது. நீரில் கூழாக்கி அடுக்குகளைப் பிரிக்கும் ஆலை இருந்தால்தான் காகிதம் மீளும். கண்ணாடியோ எடை மிகுந்தது, உடைவது. அலுமினிய டப்பாவுக்கு உருக்காலையில் என்றும் விலை உண்டு. எளிதில் திரளக்கூடியதும் விற்றால் பணமாவதுமான பொருளே முதலில் பொறுப்புக்குள் வந்தது என்பது இந்த எல்லைக்கோட்டைப் பார்த்தாலே புலப்படும். கடினமான பொருளுக்கு விலக்குக் கிடைத்தது. பொறுப்பு மிகுதியாகத் தேவைப்படுவதும் அதற்கே.

கண்ணாடியையும் திரட்ட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று உண்டு. யானைகள் நடமாடும் காடுகளில் மதுப்புட்டிகள் உடைந்து கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததைத் தொடர்ந்து, 2022இல் நீலகிரி மாவட்டத்தின் டாஸ்மாக் அரசு மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. விலக்குகள் நிலையானவையும் அல்ல. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் ஞெகிழியைத் தடை செய்த தமிழ்நாடு, ஆலையில் பண்டத்தோடு சேர்த்து அடைக்கப்படும் உறைக்கு முதலில் அளித்த விலக்கை 2020இல் நீக்கி, பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு மட்டும் விட்டுவைத்தது. 2003இல் வைப்புத்தொகையைக் கட்டாயமாக்கிய ஜெர்மனி, ஞெகிழிப் புட்டியில் வரும் பால் பானங்களை 2024இல்தான் அதற்குள் கொண்டுவந்தது.

விலக்குப் பெற்ற உறை பிடோக்கில் செல்லும் வழி இரண்டு. கழுவிய அட்டைப்பெட்டியையும் கண்ணாடியையும் அடுக்குமாடிக் கீழே உள்ள நீல மறுசுழற்சித் தொட்டியில் இடலாம். ஆனால் அத்தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு உணவுக்கழிவு பட்டோ வேறு குப்பை கலந்தோ பயனற்றுப் போகிறது. எண்ணெய் படிந்த பொட்டலப் பெட்டியும் தேநீர் ஊற்றித் தந்த ஞெகிழிப் பையும் வீட்டுக் குப்பைக்குழாய் வழியே இறங்கி எரியூட்டும் ஆலையை அடைகின்றன. எஞ்சிய சாம்பல் துவாஸிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, 1999இல் திறக்கப்பட்ட செமக்காவ் நிரப்புநிலத்தில் கொட்டப்படுகிறது. இதன் செலவு வீட்டுக்காரரும் கடைக்காரரும் கட்டும் குப்பைக் கட்டணத்தில் அடங்கிவிடுவதால், உறையை உருவாக்கியவரின் கணக்குக்கு அது போவதில்லை.

நாட்டில் வீடுகளிலிருந்து அகற்றப்படும் குப்பையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதியுறை என்று வாரியமே கூறியுள்ள நிலையில், இரண்டு விலக்குகளையும் ஒன்றாக எண்ணுவது தவறு. காலையில் அடுப்பு மூட்டி மாலை வரை நின்று உழைக்கும் அங்காடிக்காரரிடம் எடைக்கணக்குக் கேட்பது முறையன்று. அவருக்குப் பெட்டிகளை மொத்தமாக இறக்குமதி செய்து விற்பவரிடம் கேட்கலாம். பொருளுக்குத் தரும் விலக்குக்கோ ஒரு முடிவு நாள் வேண்டும். ஏனெனில் செமக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.