அளவுப் புத்தகம்: யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு தையல் குடும்பம்

இலங்கை முஸ்லிம்களின் உடை பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் துருக்கித் தொப்பியோடு நின்றுவிட்டார்கள். 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவையும் தோழர்களையும் பார்த்து நம்மவர்கள் தொப்பிக்கும் காற்சட்டைக்கும் மாறிய கதை நமக்குத் தெரியும். 1905இல் சட்டத்தரணி எம்.ஸி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போய் எழுந்த பிரச்சினையும் தெரியும். அவ்வருடம் டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் கூடிய கூட்டமும் தெரியும். எல்லாம் சரி. தொப்பிக்குக் கீழே ஒரு கோட் இருந்ததே, அதை வெட்டித் தைத்தவர் யார்? இந்தக் கேள்வி நமது ஆய்வுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது. வணிகரும் மாணிக்க வியாபாரியும் அரசியல்வாதியும் வரலாற்றுக்குள் வந்துவிட்டார்கள். தையல்காரர் வாசலிலேயே நிற்கிறார்.

நான் தையல் குடும்பத்தில் பிறந்தவன். ஆகவே இது நடுநிலையான கட்டுரை அல்ல.

யாழ்ப்பாண முஸ்லிம்களிடம் இரும்பு வியாபாரம், இறைச்சிக் கடை, லொறி ஆகியவற்றோடு தையலும் ஒரு முக்கிய தொழிலாக இருந்தது. சோனகத் தெருவில் வீடு, நகரத்தில் கடை. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்: ஆசிரியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கு மூத்தாப்பாவும் ‘ரெயிலர் நானா’தான், வாப்பாவும் ‘ரெயிலர் நானா’தான். பெயர்ப் பலகையில் வேறொரு பெயர் இருந்தது. அதை வாசித்துக் கூப்பிட்டவர்கள் குறைவு. எங்களுக்கு வருடத்தில் ஒரு பெருநாள் காலம் மட்டுமல்ல. இரண்டு பெருநாளும் தீபாவளியும் நத்தாரும் பொங்கலும், ஜனவரியில் பாடசாலைச் சீருடையும் வரும். ஏதாவது ஒன்றுக்கு முதல் நாள் இரவு கடையில் விளக்கு அணையாது.

மெசினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கர் கம்பனி 1877இலேயே கொழும்பில் கடை திறந்துவிட்டது. தவணைக்குக் கொடுப்பது அதன் உலகளாவிய வழக்கம். அதனால் கையில் முதல் இல்லாதவனும் மெசினுக்குச் சொந்தக்காரன் ஆகலாம். மூத்தாப்பாவும் அப்படித்தான் ஆனார். ஆனால் மெசின் வைத்திருந்த எல்லாரும் கடை நடத்தவில்லை. கடையை நடத்தியது வேறொன்று.

அது அளவுப் புத்தகம். நீளமான, தடித்த அட்டைக் கொப்பி. ஒன்று முடிந்தால் அடுத்தது, பழையதை எறிவதில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்ததால் பெயர் வரிசையில் எழுதினால் சிக்கல். ஆகவே ஊர்வாரியாக: வண்ணார்பண்ணை, கொக்குவில், நல்லூர், சுண்டிக்குளி. ஊருக்குள் ஆள், ஆளுக்கு எதிரே நீளம், தோள், மார்பு, இடுப்பு, கை. பக்கத்தில் வாப்பாவின் குறுக்கெழுத்து. ‘இ.தோ. அரை இறக்கம்’ என்றால் இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. பல வருடம் ஒரே தோளில் பாரம் சுமந்தவருக்கு அப்படி வரும். ‘மு.வ.’ என்றால் முதுகு வளைவு, பின்பக்க நீளத்தைக் கூட்டி வெட்ட வேண்டும். இதை ஆளிடம் சொல்லக் கூடாது. “உடம்பில உள்ள குறையை உடுப்பு மறைக்கணும். நாம வாயால சொன்னா அது என்ன தையல்?” என்பார் வாப்பா. ஆள் மௌத்தாகிவிட்டால் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடும் திகதியும். அழிப்பதில்லை, மகன் வந்தால் வாப்பனுடைய தோள் எப்படி என்று பார்த்துத்தான் மகனுக்கு வெட்டுவார்.

முப்பது வருடம் ஒரே ஆளின் இடுப்பளவு 29இலிருந்து 38க்குப் போவதை வேறு எந்த ஆவணத்தில் பார்க்கலாம்? எப்போது வேட்டியிலிருந்து காற்சட்டைக்கு வந்தார், பென்சன் எடுத்த பின் எப்போது திரும்பவும் வேட்டிக்கும் நஷனலுக்கும் போனார், எல்லாம் அதில் இருந்தது.

தைப்பதற்குக் கூலிக்கு ஆள் பிடிக்கலாம். வெட்டுவது மட்டும் குடும்பத்துக்குள். சிறுவனுக்கு முதல் வேலை சிரட்டைக் கரி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்குவது. பிறகு பொத்தான், பிறகு ஓரம் மடிப்பது. கத்தரிக்கோல் கையில் வர ஏழெட்டு வருடம் போகும். என் காக்காவுக்கு வந்தது. நான் படிக்கப் போய்விட்டேன். உம்மா வீட்டிலிருந்தே பொத்தான் துளைக்கு நூல் கட்டினார். இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு மூட்டை போகும், சுபஹுக்கு முதல் திரும்பி வரும். ‘குடும்பத் தொழில்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் துளைகளுக்கு யாரும் கூலிக் கணக்கு எழுதவில்லை.

கோட் என்றால் இரண்டு தடவை பிட்டோன் பார்ப்பார்கள். வெள்ளை நூலால் தளர்வாக ஓட்டி, ஆளுக்குப் போட்டு, சோக்கால் குறித்து, பிரித்து, திரும்பத் தைப்பது. உள்ளே தையலோரத்தில் ஒன்றரை அங்குலம் துணி மடித்து விடுவார் வாப்பா. இன்று ரெடிமேட் கோட்டைப் பிரித்துப் பாருங்கள், விட்டுப் பெருக்க அங்கே துணி இருக்காது. கலியாணக் கோட் தம்பிக்கும் பிறகு மகனுக்கும் போனது அந்த ஒன்றரை அங்குலத்தால்தான்.

1977க்குப் பிறகு வந்த ரெடிமேட்தான் தையல் கடைகளைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். கொழும்புக்கு அது பொருந்தலாம். எங்கள் கடையை ரெடிமேட் கொல்லவில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கி மின்சாரம் போன பிறகும் கால் மெசின் ஓடியது. லாம்பு வெளிச்சத்தில் அந்த வருடத் தீபாவளிக்கும் தைத்துக் கொடுத்தோம். தீபாவளி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒக்டோபர் 30 வந்தது.

அன்று ஒலிபெருக்கியில் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னதும், இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னதும், 150 ரூபாவும் மாற்றுடுப்பும் தவிர ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்றதும் இந்த வாசகர்களுக்குப் புதிதல்ல. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர். நான் சொல்ல வந்தது கடையில் கிடந்த துணியைப் பற்றி.

புத்தளம் தில்லையடியில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வாப்பா ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் பதினான்கு வரி எழுதினார். ‘கொக்குவில் கணக்கு மாஸ்டர், சாம்பல் துணி, காற்சட்டை 2, முற்பணம் 50.’ இப்படிப் பதினான்கு. தைக்கத் தந்த துணி கடையோடு போய்விட்டது. தையல்காரர் கையில் உள்ள துணி அமானத்தா, அழிந்தால் அவர் பொறுப்பா என்பது ஃபிக்ஹில் நீண்ட விவாதம். கைவினைஞர்களைப் பொறுப்பாக்கினார்கள் என்று அலி (ரலி) அவர்களைப் பற்றி ஓர் அறிவிப்பு உண்டு. குற்றமில்லாமல் போனால் பொறுப்பில்லை என்ற கருத்தும் உண்டு. முகாமில் இருந்த மௌலவி இரண்டாவதையே சொன்னார். “சட்டம் சரிதான் ஹஸரத். துணியை வாங்கினது என்ட கைதானே” என்றார் வாப்பா.

புத்தளத்தில் மெசின் கிடைத்தது. ஒரு நிறுவனம் தந்தது. வேலையும் கிடைத்தது: நிவாரணத்தில் வந்த, யாருக்கும் அளவில்லாத உடுப்புகளைப் பிரித்துச் சின்னதாக்குவது. உம்மாதான் அதில் முன்னுக்கு நின்றார். ஆனால் அளவு தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. ரெடிமேட்டுக்கு முன் ஒரு தையல்காரரை நிற்க வைப்பது அந்த அறிமுகம்தான். அது இல்லாதபோது மலிவு விலை வென்றது. பின்னொரு நாள் இழப்புப் படிவம் நிரப்பியபோது மெசின் நான்கு, மேசை இரண்டு, அலுமாரி ஒன்று என்று எழுதினோம். “புத்தகத்துக்கு என்ன போடுற?” என்று கேட்டார். அதற்கு நிரல் இருக்கவில்லை.

புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இன்னும் பழைய அளவுப் புத்தகங்கள் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கடையை மூடும்போது அவை பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. கொடுக்க முதல் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது வாப்பா போனார். கடைக்குக் கூரை இல்லை, புத்தகமும் இல்லை. பட்டியலோடு கொக்குவிலுக்கு நடந்தார். மாஸ்டர் துணியைப் பற்றி மறந்தே போயிருந்தார். காசை வாங்க மறுத்தார். வாப்பா சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மாஸ்டர் எழுந்து கையை விரித்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதம் கழித்துப் புத்தளத்திலிருந்து சாம்பல் நிறக் காற்சட்டை இரண்டு அனுப்பினோம். அந்தக் கடதாசி என்னிடம் இருக்கிறது. எட்டு வரி வெட்டப்பட்டிருக்கிறது. கனடா போனவர்கள், ஷெல்லில் இறந்தவர்கள், வீடே இல்லாமல் போனவர்கள் என்று ஆறு வரி அப்படியே இருக்கிறது.