எழுத்தாணியும் ஆறு புள்ளிகளும்

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துத் திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் எதைக்கொண்டு எழுதினார்கள்? எழுத்தாணியால் பனையோலையைக் கீறி எழுதினார்கள். அந்தக் கருவி அடியோடு மறைந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதற்கு நெருங்கிய உறவான ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பார்வையற்றோர் பிரெயில் எழுதும் ஊசிதான் அது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் வாலந்தேன் ஆவி என்பவர், பார்வையற்றோருக்காகச் சாதாரண எழுத்துகளையே தாளில் புடைக்கச் செய்து நூல்கள் அச்சிட்டார். மாணவர்கள் தடவித் தடவிப் படித்தார்கள். ஆனால் தம் கையால் ஒரு கடிதம் எழுத அவர்களால் இயலவில்லை. படிக்கத் தெரிந்தும் எழுத முடியாதவன் பாதிக் கல்வி பெற்றவன்தானே!

இக்குறையைத் தீர்த்தவர் 1809இல் பிறந்த லூயி பிரெயில். மூன்று வயதில், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் கூர்மையான கருவி ஒன்று கண்ணில் பட்டு, பின்னர் இரு கண்களிலும் பார்வை இழந்தவர். சார்ல் பார்பியே என்ற படை அதிகாரி, பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட எழுத்து முறையையும், அதை எழுதப் பலகையும் ஊசியும் அமைத்திருந்தார். பிரெயில் தம் 15ஆம் வயதில் அவற்றை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். எழுத்து ஒரே விரல் நுனிக்குள் அடங்கியது! 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. கண்ணைப் பறித்தது ஒரு கூர்முனை. எழுத்தைத் தந்ததும் ஒரு கூர்முனை.

கருவி எவ்வாறு இயங்குகிறது? பிரெயில் சிலேட்டில் கீல் வைத்த இரண்டு தகடுகள் உண்டு. மேல் தகட்டில் வரிசையாகச் சிறு சன்னல்கள். கீழ்த் தகட்டில் ஒவ்வொரு சன்னலுக்கும் நேராக ஆறு குழிகள். இடையே தடித்த தாளை வைத்து ஊசியால் அழுத்தினால், தாளின் மறுபுறம் புள்ளி எழும்பும். எனவே வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் எழுதவேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஓலையில் எழுத்தாணி பள்ளம் பறிக்கிறது. தாளில் இவ்வூசி மேடு எழுப்புகிறது.

பிரெயில் படித்த பாரிசுப் பள்ளியிலேயே 1840களில் இம்முறை தடை செய்யப்பட்டது. மாணவர்கள் மறைவாக எழுதிக்கொண்டே இருந்தனர். பிரெயில் 1852இல் மறைந்தார். 1854இல்தான் அவர் முறை ஏற்கப்பட்டது.

நம் பக்கம் வருவோம். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அதே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தன. இந்திய மொழிகளுக்கு வெவ்வேறாக வழங்கிய பிரெயில் முறைகளுக்கு மாறாக, 1951இல் பாரதி பிரெயில் என்ற பொதுமுறை ஏற்கப்பட்டது.

அதே 1951இல் பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறியும் வந்தது. விரைவானதுதான், ஆனால் எடை ஏறக்குறைய 5 கிலோ, விலையும் அதிகம். சிலேட்டும் ஊசியுமோ பையில் அடங்கும், மின்சாரமும் வேண்டாம்.

நீங்களும் எழுதிப் பாருங்கள். தடித்த தாளை ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் வலப்பக்கம் மேலும் கீழும் ஒவ்வொரு புள்ளி, இடப்பக்கம் மேலே ஒரு புள்ளி அழுத்துங்கள். தாளைத் திருப்பி, கண்களை மூடித் தடவுங்கள். உங்கள் விரல் படிப்பது ‘ம’ என்னும் எழுத்து!