ஜொகூரில் தமிழ்மொழிப் பிரத்தியேக வகுப்புகள்: ஒரு வரலாற்று நோக்கு

தேர்வெழுதும் மாணவர்க்குப் பள்ளி நேரத்திற்கு வெளியே நடத்தப்பெறும் வகுப்பினை மலேசியத் தமிழர் 'பிரத்தியேக வகுப்பு' என்பர். இதனைப் பள்ளிக் கல்விக்குத் துணையான ஒன்றாகவே நாம் பொதுவாகக் கருதுகிறோம். ஆயின், ஜொகூர் மாநில இடைநிலைப்பள்ளி மாணவருள் பலர்க்கு இதுவே தமிழ் கற்கும் வாயிலாக இருந்து வந்துள்ளது. அந்நிலை உருவான வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மலேசியாவில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிவடைகிறது. பின்னர் மாணவர் பயிலும் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்தம் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. தமிழர் செறிந்து வாழும் நகரங்களில் இவ்வெண்ணிக்கை எளிதில் நிறைவுறும். ஜொகூர்த் தமிழரோ சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் பரவி வாழ்ந்தனர். தோட்டங்களை விட்டு நீங்கியோர் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் போன்ற தொழிற்பகுதிகளில் குடியேறினர். பிள்ளைகள் பல பள்ளிகளில் சிதறியபோது, சட்டம் அளித்த உரிமை எண்ணிக்கைக் குறைவால் பயனற்றுப் போக நேர்ந்தது.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரும் இதே சிக்கலை எதிர்கொண்டது. அங்குத் தாய்மொழி கட்டாயத் தேர்வுப் பாடம். தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளின் மாணவர் ஒருங்கே வந்து பயில உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் 1983இல் தொடங்கப்பட்டது. அங்கு அரசு ஏற்ற பொறுப்பை, தமிழ் விருப்பப் பாடமாகவே இருந்த ஜொகூரில் பெற்றோரும் ஆசிரியரும் சமூக அமைப்புகளும் பெரிதும் சுமந்தனர்.

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடம் இதற்குத் தக்க சான்றாகும். நாடெங்கும் பெரும்பாலும் மாலையிலும் வார இறுதியிலும் தன்னார்வ ஆசிரியர்களே இதனைக் கற்பித்து வந்துள்ளனர். எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களே எழுதலாம் என 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் கைவிடப்படும் என்னும் அச்சம் எழுந்தது. சமூகத்தின் எதிர்ப்பினால் மேலும் இரு பாடங்கள் எழுத இசைவு கிடைத்தது. தேர்வில் இடமிருந்தால்தான் வகுப்பும் நிலைக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று.

இவ்வுண்மை இன்று வேறுவகையில் நம்மை எதிர்நோக்குகிறது. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்திற்குரிய பி.தி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. மாணவர் சுமை குறைந்தது வரவேற்கத்தக்கதே. எனினும், கீழ்ப்படிவங்களில் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளை அனுப்பத் தூண்டிய காரணங்களுள் ஒன்று அவற்றோடு மறைந்தது. மூன்றாண்டுகள் தமிழ் பயிலாத மாணவர் நான்காம் படிவத்தில் மீண்டும் தொடங்குவது அரிது.

ஆதலின், பிரத்தியேக வகுப்பினைத் தேர்வுப் பயிற்சியாக மட்டும் அமைப்பது இனிப் போதாது. அண்மைப் பள்ளிகளின் மாணவரை ஒருங்குசேர்த்து, முதற்படிவம் முதலே தொடர்ந்து கற்பிக்கும் வட்டார வகுப்புகள் ஜொகூருக்குத் தேவை. ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் மாணவரை அவ்வகுப்புகளில் சேர்க்கும் பணியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே தொடங்கி வைக்க இயலும் என்பது நம் கருத்தாகும்.