ஓட்டம் நின்றால் மோட்டார் காலி!

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பம்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதையிலும் லாப நஷ்டம் நிறைய இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் சப்மெர்சிபிள் என்று சொல்லும் மூழ்கு பம்பின் வரலாற்றில் முக்கியமான ஆள் அர்மாய்ஸ் அருத்துனோவ். 1893-ல் அன்றைய ரஷ்யப் பேரரசின் டிஃப்லிஸ் நகரில் பிறந்த ஆர்மீனியர். 1919-ல் பெர்லின் போனார், 1923-ல் அமெரிக்கா. எண்ணெய்க் கிணற்றுக்குள்ளேயே மின்மோட்டாரை இறக்குவது என்ற அவருடைய யோசனைக்குப் பணம் போட அங்கே முதலில் யாரும் முன்வரவில்லை. ஃபிலிப்ஸ் பெட்ரோலியத்தில் இருந்த நண்பர் ஒருவர் ஊக்கப்படுத்த, 1928-ல் ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில்லுக்குக் குடிவந்தார். 1930-ல் அவர் கம்பெனிக்கு 'ரெடா பம்ப்' என்று பெயர் வந்தது. 'அருத்துனோவின் ரஷ்ய மின் டைனமோ' என்பதன் சுருக்கம்தான் ரெடா. ஊரை விட்டு வந்தவர் பெயரை விடவில்லை!

எண்ணெய்க் கிணற்றுக் குழாய் குறுகலானது, மின்விசிறி வைத்து மோட்டாரைக் குளிரவைக்க இடமில்லை. அதனால் மோட்டாரைக் கீழேயும் பம்பை மேலேயும் வைத்து, உறிஞ்சும் வாயை இரண்டுக்கும் நடுவில் அமைத்தார்கள். உள்ளே போகிற எண்ணெய் மோட்டாரை உரசிக்கொண்டே மேலேறும், போகிற போக்கில் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்விக்கத் தனிச் செலவே கிடையாது. ஆனால் ஓட்டம் குறைந்தால்? மோட்டார் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

தண்ணீர்க் கிணற்றிலும் இதே கதைதான். 30 டிகிரி தண்ணீரில் 4 அங்குல மோட்டாரை ஒட்டி நொடிக்கு 7.62 சென்டிமீட்டர் வேகமாவது வேண்டும், 6, 8 அங்குல மோட்டாருக்கு 15.24 என்கிறது அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் எலெக்ட்ரிக் கையேடு. அகலமான தொட்டியில் தண்ணீர் மோட்டாரைத் தொடாமலே பம்புக்குள் போய்விடும். அங்கே மோட்டாரைச் சுற்றி ஒரு குழாயை உறைபோல மாட்டுவார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பழைய ஓவர்லோடு ரிலே மின்சாரம் கூடினால்தான் நிறுத்தும். இந்தப் பம்புகளில் பெரும்பாலும் ஓட்டம் குறைந்தால் மின்சாரமும் குறையும். மோட்டார் சூடேறிக்கொண்டிருக்க, ரிலேயோ எல்லாம் நலம் என்று சும்மா இருக்கும்! ஆகவே மின்சாரம் குறைந்தாலும் நிறுத்துகிற 'அண்டர்லோடு' ரிலே தேவைப்பட்டது. நிறுத்திவிட்டு, கிணறு ஊறும்வரை காத்திருந்து மறுபடி ஓட்ட ஒரு டைமரும் சேர்ந்தது.

இன்னொரு ஆபத்து, மேலே வால்வு மூடிக்கிடப்பது. அப்போது பம்புக்குக் கொடுக்கும் சக்தி முழுக்க உள்ளே அடைபட்ட திரவத்தைத்தான் சூடாக்கும். இதற்கு ஆலைகளில் கண்ட வழி, கொஞ்சம் திரவத்தைத் திருப்பி அனுப்பும் கிளைக்குழாய். அது எப்போதும் திறந்தே இருந்தால் தினமும் மின்சாரம் வீண், இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுகிற மாதிரி. ஓட்டம் குறையும்போது மட்டும் தானே திறக்கும் வால்வு வந்தபிறகு அந்தப் பிரீமியம் குறைந்தது.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வந்தும் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை. வேகத்தைக் குறைத்தால் ஓட்டமும் குறையுமே. அதனால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதே என்று அதே கையேடு எல்லை போட்டிருக்கிறது. நம்மூர் போர்வெல் ஸ்டார்ட்டர்களில் இருக்கும் 'டிரை ரன்' பாதுகாப்பும் இதே குடும்பம்தான். அது இல்லாமல் காயில் எரிந்தால், குழாயோடு மோட்டாரை வெளியே இழுக்கும் கூலி தனி, காயில் கட்டும் கூலி தனி.